மேஜை மேல் ஒரு கறுப்பு ஃபைல்

முதலில் அது வெறும் ஆபீஸ் காகிதம். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் 1957-58இல் பாடம் நடத்திய கவிஞர் சில்வியா பிளாத்துக்கு அங்கிருந்த இளஞ்சிவப்பு மெமோ தாள்கள் மேல் அப்படியொரு ஆசை. ஸ்டோர் அலமாரியிலிருந்து கட்டுக்கட்டாகச் சுட்டுக்கொண்டு வந்தார். 350 பக்க நாவலை ஒன்றரை தடவை எழுதலாம் என்று நாட்குறிப்பில் கணக்கு வேறு. (ஆபீஸ் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவராதவர்கள் முதல் கல்லை எறியட்டும்.) அந்தத் தாள்கள் கடல் தாண்டி இங்கிலாந்து வந்து, ஒரு பக்கத்தில் ‘தி பெல் ஜார்’ நாவலின் வரைவைச் சுமந்தன. மறுபக்கம் காலியாக இருந்தது.

1962 இலையுதிர் காலம், டெவனில் ஒரு கிராமத்து வீடு. கணவர் டெட் ஹ்யூஸ், அவரும் பெரிய கவிஞர், வேறொரு பெண்ணிடம் போய்விட்டார். இரண்டு வயதில் மகள், ஒரு வயது நிரம்பாத மகன். பிள்ளைகள் விழிப்பதற்குள் எழுதியாக வேண்டும் என்று விடியுமுன் எழுந்து உட்காருவார் சில்வியா. அக்டோபரில் மட்டும் ஏறத்தாழ 25 கவிதைகள். காலியாக இருந்த இளஞ்சிவப்புப் பக்கங்கள் நிறைந்தன. சில வரைவுகள் ஹ்யூஸின் பழைய கையெழுத்துப் பிரதிகளின் முதுகிலேயே எழுதப்பட்டன. முன்பக்கம் கணவரின் வரிகள், பின்பக்கம் அவர் மேல் கோபம். அந்தத் திருமணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு டைப் செய்து, கறுப்பு ஸ்பிரிங் ஃபைலில் கோத்தார். தலைப்பை ‘டாடி’ என்றும் வைத்துப் பார்த்து அடித்துவிட்டு, ‘ஏரியல்’ என்று முடிவு செய்தார். 40 கவிதைகள். வரிசையிலும் கணக்கு இருந்தது: காதல் என்ற சொல்லில் தொடங்கி, தேனீக் கவிதைகள் வழியாக, வசந்தம் என்ற சொல்லில் முடியும். உடைந்த வீட்டிலிருந்து வெளியேறி நடக்கும் ஒருத்தியின் கதை அது.

1963 பிப்ரவரி 11 அன்று, 30 வயதில், லண்டனில் அவர் தற்கொலை செய்துகொண்டபோது ஃபைல் மேஜையில் இருந்தது. உயில் இல்லை, விவாகரத்தும் ஆகவில்லை. எனவே சட்டப்படி அந்த ஃபைல் யாரைப் பற்றியதோ அவருக்கே போய்ச் சேர்ந்தது.

1965இல் ஃபேபர் பதிப்பகம் வெளியிட்ட ‘ஏரியல்’ வேறு புத்தகம். சுமார் ஒரு டஜன் கவிதைகளை ஹ்யூஸ் எடுத்துவிட்டார். போனவற்றில் ‘முயல் பிடிப்பவன்’, ‘ஜெயிலர்’, ‘பர்தா’ உண்டு. தலைப்புகளைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பதிலுக்கு, சில்வியா ஃபைலில் வைக்காத கடைசி வாரக் கவிதைகளைச் சேர்த்தார். வசந்தத்தில் முடிய வேண்டியது சாவின் விளிம்பில் போய் முடிந்தது. வெளியேறும் பெண் காணாமல் போய், சாகப்போகும் பெண் வந்துவிட்டாள். உலகம் இத்தனை காலம் படித்து உருகியது அவளைத்தான்.

ஹ்யூஸை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவர் சேர்த்த ‘எட்ஜ்’ கவிதை இல்லாத சில்வியாவை என்னால் நினைக்க முடியவில்லை. மூல வரிசையை, சில்வியாவின் கவிதைகளைத் திரட்டிய 1981 தொகுப்பின் குறிப்புகளில் அச்சிட்டவரும் அவரே. அந்தத் தொகுப்புக்குத்தான் மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மனைவி கணவனைப் பற்றிச் சொன்னதில் எது உலகத்துக்குப் போகலாம் என்பதைக் கணவனே தீர்மானித்தால், அதற்குப் பெயர் எடிட்டிங் மட்டுமல்ல.

காகிதங்கள் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. 1981இல் ஸ்மித் கல்லூரியே அவற்றை விலை கொடுத்து வாங்கியது. 2004இல் மகள் ஃப்ரீடாவின் முன்னுரையோடு சில்வியாவின் வரிசை முதன்முறையாகப் புத்தகமானது.

பழைய பதிப்பும் இன்னும் கிடைக்கிறது. கடையில் ‘ஏரியல்’ கண்ணில் பட்டால் கடைசிக் கவிதையைப் புரட்டிப் பாருங்கள். அங்கே தேனீக்கள் இருந்தால் அது சில்வியா கட்டிய புத்தகம்.