இந்த ஜீப்போட பாடி எந்த ஊரு?

இரண்டாம் உலகப்போர் ஜீப் ஒன்றைக் காட்டி "இது வில்லிஸா, ஃபோர்டா?" என்று கேட்பது பழைய வண்டிப் பிரியர்களின் வழக்கம். தேடிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது, ஒரு வண்டிக்கு ஒரே பதில்தான் இருக்கணும்னு அவசியம் இல்லை. சேஸிஸுக்கு ஒரு பதில், பாடிக்கு இன்னொரு பதில் வரலாம்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1940 செப்டம்பரில் முதல் மாதிரி வண்டியை அமெரிக்க ராணுவத்திடம் கொடுத்தது பான்டம் என்ற சின்ன கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கு. அதுவும் போதாமல், 1941 நவம்பரில் வில்லிஸின் வடிவமைப்பிலேயே செய்துதரச் சொல்லி ஃபோர்டுக்கும் ஆர்டர். வில்லிஸ் வண்டியின் பெயர் எம்.பி., ஃபோர்டுடையது ஜி.பி.டபிள்யூ. அந்தக் கடைசி 'டபிள்யூ' வில்லிஸைத்தான் குறிக்கிறது. இரண்டும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேல்.

ராணுவத்தின் நிபந்தனை எளிமையானது: இதன் பாகம் அதில் பொருந்தணும். போர்முனையில் உடைந்த மூன்று ஜீப்களிலிருந்து ஓடுகிற ஒன்றைத் தேற்றிவிடலாம். அன்றைக்கு அது பெரிய வசதி. இன்றைக்கு பூர்வீகம் தேடுகிறவனுக்கு அதுவே தலைவலி.

சரி, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஆரம்ப வண்டிகளில் பாடியின் பின்பலகையிலேயே கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். 1942-ல் ராணுவம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஃபோர்டு விடவில்லை, போல்ட் முதல் பிராக்கெட் வரை சின்னதாக ஒரு 'எஃப்' குத்திவைத்தது. சேஸிஸின் முன்பக்கக் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த 'ப' மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஆனால் இந்தக் கடைசி அடையாளம் சேஸிஸைப் பற்றித்தான் பேசும், மேலே உட்கார்ந்திருக்கும் பாடியைப் பற்றி அல்ல.

இங்கேதான் மூன்றாவது ஆள் வருகிறார். வில்லிஸுக்கு பாடி செய்து கொடுத்தது இண்டியானா மாநிலம் கானர்ஸ்வில்லில் இருந்த அமெரிக்கன் சென்ட்ரல் கம்பெனி. 1930-களில் கார்டு என்ற சொகுசுக் கார் உருவான அதே ஊர். ஃபோர்டு தன் பாடியைத் தானே செய்துகொண்டிருந்தது. 1943 கடைசி, 1944 தொடக்க வாக்கில் அதையும் நிறுத்தி, இரண்டு கம்பெனிக்கும் கானர்ஸ்வில் பாடியே போனது. ஆக, 1944-ல் வந்த ஃபோர்டு ஜீப்பில் ஃபோர்டு பாடி இருந்தால் சந்தேகப்படணும்!

பாடிகள் மாறிப்போனதற்கு இன்னொரு காரணம், தரைத்தகட்டுக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவச் சட்டங்கள். அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மரம் ஈரத்தைப் பிடித்துவைக்க, தகடு உள்ளிருந்தே துருப்பிடித்தது. போருக்குப் பிறகு பிலிப்பைன்ஸில் புது பாடி செய்வதே ஒரு தொழிலானது.

நம் நாட்டில் இன்னொரு குழப்பம். 1940-களின் கடைசியிலிருந்து மஹிந்திரா இங்கே பூட்டி விற்றது சிவிலியன் ஜீப்களை. பச்சை பெயின்ட் அடித்தால் அதுவும் 'மிலிட்டரி'தான்! பின்னால் திறக்கும் கதவு இருக்கிறதா, பெட்ரோல் ஊற்றும் வாய் வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். போர்க்கால வண்டியில் பின்கதவு கிடையாது, பெட்ரோல் வாய் டிரைவர் சீட்டுக்கு அடியில். கிரில்லில் ஓட்டை ஒன்பது. சிவிலியன் வகையில் ஏழு.

பெயர்த்தகடும் 'எஃப்' போல்ட்டும் இன்று புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன. அதனால் ஒரே அடையாளத்தை நம்பி முடிவுக்கு வரக்கூடாது. நாலைந்து சேர்ந்து ஒரே கதையைச் சொல்லணும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். ஜீப்பை உருவாக்கியது நாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்து, 1948-ல் அந்த உரிமைகோரலை மறுத்தது. இருந்தும் 'ஜீப்' என்ற பெயர் 1950-ல் வில்லிஸின் வர்த்தக முத்திரையானது. பான்டம் பெயரை இன்று யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும், ஜீப் என்றதும் நம் கண்முன் வரும் அந்தத் துளையிட்ட கிரில்லைக் கொண்டுவந்தது ஃபோர்டு. வில்லிஸின் ஆரம்ப வண்டிகளில் இருந்தது பட்டை பட்டையாக வெல்டிங் செய்த கிரில். விளம்பரம் ஒரே ஒரு அப்பாவைச் சொன்னது. தகடு அப்படிச் சொல்லவில்லை.