வாழ்ந்த மணங்களும் எழுதிய சட்டமும்: பிரிவு 7-ஏ-யின் ஒரு விதிவிலக்கை முன்வைத்து

முதல் சுயமரியாதைத் திருமணம் 1928ஆம் ஆண்டு மே மாதம் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது என்றே பலரும் எழுதுகின்றனர். புரோகிதரை விலக்கியதை அளவுகோலாகக் கொண்டால் தொடக்கத்தை இன்னும் முன்னே தள்ளலாம். தாலியையும் விலக்கியதைக் கொண்டால் அது பின்னே வரும். அளவுகோல் முடிவாகாத நிலையில் நாளை முடிவு செய்வதில் பொருளில்லை. 1929இல் சுயமரியாதை இயக்கம் நடத்திய செங்கல்பட்டு மாநாட்டை ஒட்டி இம்முறை ஊர் ஊராகப் பரவியது என்பது போதும். இக்கட்டுரையின் கேள்வி வேறு: இம்மணங்களுக்குச் செல்லும் தன்மையை அளித்தது எது?

இதற்கு இன்றுவரை செல்வாக்குள்ள விடை, 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தது. இந்து முறைப்படியான சடங்குகள் நடக்கவில்லை. வழக்காறு என்று சொல்வதற்கும் இம்முறைக்குப் பழமை இல்லை. எனவே அவ்வழக்கில் கேள்விக்குள்ளான, 1934இல் நடந்த சுயமரியாதை மணம் செல்லாது என்றது நீதிமன்றம். இயக்கத்தின் மீது பற்றுள்ளவர்களும் இந்த வாசிப்பைத் தம்மையறியாமல் ஏற்றுக்கொண்டே எழுதுகின்றனர். 1967 வரை அவை வெறும் கூடல்கள், சட்டம் வந்துதான் அவற்றை மணங்களாக்கியது என்ற வரலாறு அப்படி உருவானதே. இதை நான் மறுக்கிறேன்.

நீதிபதிகள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சீக்கியரின் ஆனந்த் மணத்துக்கு 1909இலும், ஆரிய சமாஜத்தாரின் மணங்களுக்கு 1937இலும் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. ஆனால் அவ்விரு சட்டங்களின் முகப்பையும் படித்தால், ஐயத்தை நீக்குவதே நோக்கம் என்று அவை சொல்வது தெரியும். இல்லாத மணத்தை உண்டாக்குவதாக இரண்டும் சொல்லவில்லை. மேலும், தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட நூலை விஞ்சும் என்று 1868இல் பிரிவி கவுன்சில் சொன்னது, இதே தமிழ் மண்ணின் இராமநாதபுரம் வழக்கில்தான். வழக்கம் எத்தனை ஆண்டு நிலைத்தால் பழமை பெறும் என்பதற்கு இந்துச் சட்டத்தில் நிலையான கணக்கு இல்லை.

இயக்க எழுத்தாளர்கள் பழமையைக் காட்ட அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்களைச் சுட்டுவதுண்டு. தீயும் புரோகிதரும் இல்லாத மணங்களை அவை காட்டுகின்றன. இரண்டு பாடல்களைக் கொண்டு இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை நிறுவ இயலாது. என் வாதம் அவற்றின்மேல் நிற்கவில்லை.

அது நிற்பது இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டு 21ஆம் சட்டம் சேர்த்த பிரிவு 7-ஏ-யின் மேல். ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் கூறுதல், அல்லது மாலையோ மோதிரமோ அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் என்ற மூன்றில் ஒன்று போதும் என்ற பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகின்றனர். சட்டத்துக்கு முன் நடந்த மணங்கள் அவை நடந்த நாள் முதலே செல்லும் என்பதையும் காட்டுகின்றனர். அடுத்து வரும் விதிவிலக்கு அவ்வளவு கவனம் பெறவில்லை. இடைக்காலத்தில் அம்மணம் சட்டப்படியோ வழக்கப்படியோ முறிந்திருந்தாலும், அப்பெண் வேறொருவரை முறைப்படி மணந்திருந்தாலும், பழைய மணம் உயிர்பெறாது. முறிவுக்கோ மறுமணத்துக்கோ முன் கருவான குழந்தை மட்டும் சட்டப்படியான குழந்தையே.

இது 1953இன் வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறதே என்று கேட்கலாம். முதல் மணம் செல்லாதிருந்தால்தானே மறுமணம் முறைப்படியானதாகும்? இத்தடையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனாலும் சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். சேர்ந்து வாழ்ந்தவர்களின் மணத்தை அது முதல் நாளிலிருந்தே ஏற்கிறது. விலகி வேறு வாழ்வு தேடிக்கொண்ட பெண்ணைப் பழைய பந்தத்துக்குள் இழுப்பதில்லை. இங்கே அளவுகோல் சடங்கும் அன்று, பழமையும் அன்று, வாழ்ந்த வாழ்வே. விதிவிலக்கு பெண்ணின் மறுமணத்தை மட்டும் பேசுகிறது, ஆணின் மறுமணத்தைப் பேசவில்லை. 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்துக்கு முன் ஆண் பல மணம் செய்யத் தடையில்லாததால் வரைவாளர்கள் அதை எழுதாமல் விட்டிருக்கலாம். மௌனத்திலிருந்து நோக்கத்தை ஊகிப்பது வலுவற்ற சான்று என்பதை அறிவேன். விளைவோ பிரிவின் சொற்களிலேயே இருக்கிறது: கணவன் மறுமணம் செய்துகொண்டான் என்ற ஒரே காரணத்தால் முதல் மனைவியின் மணம் அழியாது.

சடங்கை மட்டும் பார்க்கும் வாசிப்பு நடைமுறையில் யாருக்கு உதவியது என்பதை 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கு காட்டும். இரண்டாம் மணத்தில் தீயின் முன் ஏழடி வைக்கும் சப்தபதிச் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது மணமே அன்று என்று வாதாடி இருதார மணக் குற்றத்திலிருந்து தப்ப முயன்றவர் கணவர். 7-ஏ-யைக் காட்டி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.

அதே வாசிப்பு 2014இல் வேறு வடிவில் திரும்பியது. வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நடக்கும் மணம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். சடங்கு இருந்த இடத்தில் இப்போது ஊரறிதல் வந்து அமர்ந்தது. ஆனால் பிரிவு கேட்பது உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலை. ஊரார் முன்னிலை அன்று. சாதி கடந்து மணப்பவர்களுக்கு உறவினர் முன்னிலையே உயிருக்கு ஆபத்தாகும்போது, அந்தப் ‘பிறர்’தான் துணை. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இன் தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது. பகிரங்க அறிவிப்பை வற்புறுத்துவது உயிர்களை ஆபத்துக்கு உள்ளாக்கக்கூடும் என்றும் சுட்டியது.

7-ஏ இன்னும் இந்துக்களுக்கு மட்டுமே; தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் தாண்டினால் அதுவும் இல்லை. மதம் கடந்து மணப்பவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பைக் கடந்தாக வேண்டும். அந்த 30 நாள்கள் எதிர்ப்பவர்களுக்குத் தரப்படும் அவகாசம். அந்த அறிவிப்பை நீக்க வேண்டும். எந்த மதத்தவரும் எந்த மாநிலத்தவரும் தம் சொல்லாலும் சம்மதத்தாலும் மணந்துகொள்ளும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும்.