மாட்டு டாக்டரா, பட்டாளமா?



பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் கேட்டான்: "சார், மாட்டு டாக்டர் ஆகணும்னு ஆசை. பட்டாளத்துக்கும் போகணும். என்ன பண்ணட்டும்?"

"ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுடா" என்றேன். இரண்டும் சேர்ந்த ஒரு வேலை உண்டு என்று எனக்கே அப்போது தெரியாது.

நம் ராணுவத்தில் கால்நடைகளுக்கென்றே தனிப் படைப்பிரிவு இருக்கிறது. பெயர் ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி கோர். 1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியதுதான் இதன் வேர். 1920 டிசம்பர் 14-ல் ராணுவக் கால்நடை மருத்துவப் படை உருவானது. இன்றும் டிசம்பர் 14-தான் அவர்களின் படை நாள். 1947 பிரிவினையில் இந்தப் படையும் இந்தியாவுக்கு இரண்டு பங்கு, பாகிஸ்தானுக்கு ஒரு பங்கு என்று பிரிந்தது.

இதன் பயிற்சி மையம் மீரட்டில் உள்ளது. வண்டி ஏறாத மலைக்குச் சுமை கொண்டுபோகும் கோவேறு கழுதை, வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் நாய், குதிரை எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பது இவர்கள்தான். 1999 கார்கில் போரிலும் கோவேறு கழுதைகள் சுமை ஏற்றின. கால்நடை மருத்துவப் பட்டதாரி இதில் அதிகாரியாகச் சேரும்போதே கேப்டன்.

நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே, 1985-ல், நம் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கோழிப்பண்ணைக்கு டாக்டர் தரும் கல்லூரி என்றே நினைத்திருந்தோம். அதே பட்டம்தான் பட்டாளத்துக்கும் வாசல்.

அந்த மாணவன் இன்று லாரி பாடி கட்டும் பட்டறை வைத்து நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் என் பதில் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பிள்ளைகள் கேட்டால், தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லுங்கள். என்னைப் போல் அவசரப்பட்டு ஒரு கதவைச் சாத்திவிடாதீர்கள்.