தலை காத்த தொப்பியும் மானம் காக்கும் தொப்பியும்

லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் சிவப்பு அங்கியும் உயரமான கறுப்புத் தொப்பியுமாக அசையாமல் நிற்கும் காவல் வீரரைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அந்தக் கரடித்தோல் தொப்பி ஏறக்குறைய ஒரு முழ உயரம். குண்டு பட்டால் தலையைக் காக்காது, வெயிலையும் மறைக்காது. பிறகு எதற்கு அது?

காரணம் போர்க்களத்தில்தான் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளில் கையெறிகுண்டு வீசுவதற்கென்றே 'கிரெனடியர்' எனும் தனிப்பிரிவுகள் உருவாயின. அக்காலத்து வீரர்கள் அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்தார்கள். துப்பாக்கியை முதுகில் மாட்டவும், கையை ஓங்கிக் குண்டு வீசவும் அந்த விளிம்பு இடைஞ்சலாக இருந்தது. அதனால் கிரெனடியர்களுக்கு விளிம்பில்லாத தொப்பி வந்தது. ஆளை உயரமாகக் காட்டி எதிரியை மிரட்ட அதுவே நாளடைவில் ஓங்கி வளர்ந்தது.

1815இல் வாட்டர்லூ போரில் நெப்போலியனின் மெய்க்காவல் படையை முறியடித்த பிரிட்டிஷ் காவல் படைக்கு 'கிரெனடியர்' என்ற பெயரும் கரடித்தோல் தொப்பியும் விருதாகக் கிடைத்தன. 1854இல் கிரிமியாவின் அல்மா போரிலும் வீரர்கள் அதை அணிந்தே போரிட்டனர். நெடுந்தூரம் சுடும் துப்பாக்கிகள் வந்தபின் உயரமான தொப்பி எதிரிக்கு நல்ல குறியாகிவிடுமே! அதனால் அது களத்தை விட்டு அணிவகுப்புக்குப் போனது.

ஜெர்மனியிலும் இதே கதைதான். 1842இல் பிரஷ்யா அறிமுகப்படுத்திய கூர்முனைத் தோல் தொப்பி முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பயன்படவில்லை. 1916இல் எஃகுக் கவசம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால், 1885 முதல் ஜெர்மானியர் பயிற்சி அளித்த சிலி நாட்டில், இராணுவப் பள்ளி மாணவர்கள் இன்றும் அந்தக் கூர்முனைத் தொப்பியோடு அணிவகுக்கிறார்கள்.

பெருமைக்கும் ஒரு விலை உண்டு. லண்டன் தொப்பிகளுக்குக் கனடாவின் கருங்கரடிகளே தோல் தருகின்றன. செயற்கை ரோமத்துக்கு மாற வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதால், 2022இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதை விவாதித்தது.

மரபு மாறாதது என்று சொல்வோர் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். அரசியாரின் பிறந்தநாள் அணிவகுப்பில், கரடித்தோல் தொப்பிகளுக்கு நடுவே, 22 வயது சீக்கிய வீரர் ஒருவர் படைச்சின்னம் பொருத்திய கறுப்புத் தலைப்பாகையுடன் நடந்தார். அந்த அணிவகுப்பில் இதுவே முதல் முறை. இரண்டு உலகப் போர்களிலும் சீக்கியர் பலர் இரும்புக் கவசத்தை மறுத்துத் தலைப்பாகையோடு போரிட்டவர்கள். 1941, 1942ஆம் ஆண்டுகளின் மலாயாப் போரிலும் சீக்கியப் படையினர் இருந்தனர்.

போரில் உயிரைக் கொடுத்த தலைப்பாகை, அரண்மனை அணிவகுப்பில் இடம்பெற இத்தனை காலம் ஆயிற்று. ஆனாலும் அது நுழைந்ததால் மரபு குலைந்துவிடவில்லை. கரடித்தோல் குறித்து முடிவெடுப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்.