பாரீஸ் நாடகமும் ஒரு அரசாங்கக் காகிதமும்

பிரெஞ்சு வழியில் பள்ளி முடித்த நம் புதுச்சேரிக்காரர்களுக்கு மொலியேரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து நின்று அவர் வசனங்களை ஒப்பித்தவர்கள்தானே நாம்! ஆனால் அவர் போய்ச் சேர்ந்த கதையைப் பலர் அறிய மாட்டார்கள்.

1673 பிப்ரவரி 17. 'கற்பனை நோயாளி' நாடகம் நான்காவது தடவையாக நடக்கிறது. நோயாளி வேடம் போட்ட மொலியேருக்கு மேடையிலேயே நிஜமாக உடம்பு முடியாமல் போயிற்று. எப்படியோ ஆட்டத்தை முடித்து வீட்டுக்குப் போனவர் அன்றிரவே இறந்தார். நடிப்புத் தொழிலை விட்டுவிடுகிறேன் என்று பாதிரியார் முன்னால் சொல்லாமல் இறந்த நடிகனுக்கு அந்தக் காலத்தில் முறையான அடக்கம் கிடையாது. மனைவி அர்மாந்த் அரசரிடம் போய் மன்றாடினார். நான்கு நாள் கழித்து, இரவு நேரத்தில், ஆடம்பரமில்லாமல் புதைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

அதே அரசர் பதினான்காம் லூயி, 1680இல் மொலியேர் குழுவில் மிஞ்சியவர்களையும் போட்டிக் குழுவையும் சேர்த்து கொமெதி பிரான்சேஸை உண்டாக்கினார். பாரீஸில் பிரெஞ்சு வசன நாடகம் போடும் உரிமை இனி அந்த ஒரு குழுவுக்கு மட்டும்தான் என்று ஆணையும் போட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு காகிதம் எத்தனை பேர் வயிற்றில் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆணைக்குப் பாரீஸ் ஜனங்கள் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சேன் ஜெர்மேன், சேன் லொரான் என்று இரண்டு பெரிய சந்தைகள் அங்கே கூடும். கயிற்றில் நடப்பவர்களும் பொம்மலாட்டக்காரர்களும் கொட்டகை போட்டிருந்த இடம். அங்கே நாடகமும் புகுந்தது. இரண்டு பேர் பேசிக்கொள்ளக் கூடாது என்று தடை வந்தது. ஒருவர் மட்டும் பேசினார்கள். அதற்கும் தடை. பாடவும் தடை. உடனே வசனத்தைப் பெரிய அட்டைகளில் எழுதி மேலேயிருந்து இறக்கினார்கள். வாத்தியக்காரர் எல்லோருக்கும் தெரிந்த மெட்டை வாசிப்பார். பார்க்க வந்தவர்கள் அட்டையைப் படித்துப் பாடுவார்கள். நடிகர் வாய் திறக்காமல் அபிநயம் மட்டும் பிடிப்பார். பாடியது ஜனங்கள். யாரைப் பிடித்து உள்ளே போடுவது? ஒப்பேரா கொமிக் என்ற நாடக வகையே இந்தச் சந்தைக் கொட்டகைகளில் பிறந்ததுதான்.

புரட்சி வந்து, 1791இல் யார் வேண்டுமானாலும் நாடகக் கொட்டகை திறக்கலாம் என்று சட்டமாயிற்று. பதினாறே ஆண்டுகளில் நெப்போலியன் பாரீஸுக்கு எட்டு கொட்டகைகள் போதும் என்று மற்றவற்றை மூடச் செய்தார். 1812 அக்டோபர் 15 தேதியிட்டு கொமெதி பிரான்சேஸின் நிர்வாக விதிகளில் அவர் கையெழுத்திட்ட இடம் மாஸ்கோ! எரிந்துபோன ஊரில் உட்கார்ந்து நடிகர்களின் பங்குக் கணக்குக்கு விதி எழுதியிருக்கிறார். மறுபடி கொட்டகை திறக்கும் சுதந்திரம் வந்தது 1864இல்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, சாமானியர்கள் கூடிய தாம்ப்ள் புல்வாரின் கொட்டகை வரிசையை ஓஸ்மானின் சாலைத் திட்டம் இடித்துவிட்டது.

இன்று கதை வேறு. தடுத்த அரசாங்கமே இப்போது மானியம் கொடுக்கிறது. அதிலும் முக்கியமானது ஊரின் ஓரத்தில் நடந்தது. 1964இல் அரியான் ம்னுஷ்கினும் நண்பர்களும் தெயாத்ர் துய் சொலேய், அதாவது சூரிய நாடகக் குழு என்ற கூட்டுறவுக் குழுவைத் தொடங்கினார்கள். 1970இல் வென்சேன் காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய தோட்டாத் தொழிற்சாலையில் குடியேறினார்கள். அங்கே வருகிறவர்களுக்குச் சாப்பாடும் உண்டு. நடிகர்கள் வேடம் போடுவதையும் பார்க்கலாம். வாசலில் நின்று ம்னுஷ்கினே டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவார்.

அந்தக் குழு 2016 ஜனவரியில் நம் ஊருக்கு வந்தது. முந்தைய நவம்பரில்தான் பாரீஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்திருந்தது. அந்தத் துக்கத்தோடு வந்தவர்கள், புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் தெருக்கூத்து கற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகம் அந்தத் தோட்டாத் தொழிற்சாலையில் அரங்கேறியது. அதன் நடுவே கூத்து. கட்டை கட்டிக்கொண்டு, தமிழிலேயே பாடி, பாரதக் கதையை ஆடினார்கள்.

சந்தையில் அட்டை பார்த்துப் பாடிய ஜனங்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து நம் கூத்தைப் பார்த்தார்கள். நமக்கு டிக்கெட்டும் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கிறது. ஆனால் முன்வரிசையில் நம் வயசுக்காரர்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பாரீஸில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஐஃபெல் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். மெத்ரோவில் ஷாத்தோ தெ வென்சேன் வரை போய், அங்கிருந்து காட்டுக்குள் போங்கள். இங்கே கூத்து நடக்கும்போது பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.