தொலைவழிகாட்டல் (புதுச்சேரி வட்டாரம்)

தேர்ந்த ஒருவர் வேறோர் ஊரில் இருந்தபடியே, களத்தில் நிற்பவரின் கையால் ஒரு வேலையைச் செய்விப்பது தொலைவழிகாட்டல். புதுச்சேரி வட்டாரத்தில் இதற்குப் பாதை போட்டது, 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக்கித் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம்.

வில்லியனூரிலிருந்து ஊர்களின் தகவல் மையங்களுக்கு வயர்லெஸ் வழியே செய்தி போனது. கரண்ட் இல்லாத நேரத்தில் சோலார் கைகொடுத்தது. அமெரிக்கக் கடற்படை இணையதளத்தின் அலை உயரக் கணிப்பைத் தமிழாக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எம்பலத்தில் கணினி இருந்தது கோயிலில். கீழூரில் ஒரு பசு ஐந்து நாளாக ஈன முடியாமல் துடித்தபோது, மையத்துப் பெண் கணினியிலிருந்த கால்நடை மருத்துவர் பட்டியலைத் தேடிச் சொல்லி அனுப்பினார். அன்றிரவே வந்த மருத்துவர், பல்பு வெளிச்சத்தில் கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார். 2004 சுனாமியின்போது சிங்கப்பூரிலிருந்து போனில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்து ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லி உயிர்களைக் காத்தது.

கீழூர்ப் பசுவுக்காக மருத்துவர் நேரில் வர வேண்டியிருந்தது. கண் மருத்துவத்தில் அந்தத் தேவையைக் குறைத்தவை, அரவிந்த் கண் மருத்துவமனையின் விஷன் சென்டர்கள் என்னும் சிறு கண் பரிசோதனை மையங்கள். 2000-களின் நடுவில் தேனி வட்டாரத்தில், பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அமைத்த நெடுந்தொலைவு வைஃபை இணைப்போடு இவை வளர்ந்தன. 2003-இல் தவளக்குப்பத்தில் திறக்கப்பட்ட புதுச்சேரி மருத்துவமனையும் இம்முறையைக் கைக்கொண்டது. நோயாளி ஸ்லிட் லேம்ப் என்னும் கண் பரிசோதனைக் கருவியில் தாடையை வைக்கிறார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் கண்ணழுத்தம் பார்த்து, படமெடுத்து அனுப்புகிறார். மருத்துவர் திரையில் பார்த்து நோயாளியோடு பேசுகிறார். தெளிவு போதாவிட்டால் இன்னொரு கோணம் கேட்கிறார். அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணப்பட்டால் போதும். கண்ணாடிக்காக ஒருநாள் கூலியை இழந்துவந்த ஏழைக்கு இது பேருதவி. இம்முறையின் உயிர் கேமராவில் இல்லை, அந்தப் பெண்ணின் பழகிய கையில்தான் இருக்கிறது. மங்கலான படத்தை வைத்து எந்த மருத்துவராலும் முடிவு சொல்ல இயலாது.

2020 மார்ச் 25-இல் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், சுகாதாரப் பணியாளர் வழியாக மருத்துவரிடம் ஆலோசனை பெறுவதை முறைப்படி ஏற்றன. தொலைவிலிருந்து அறுவை சிகிச்சை செய்வது அந்த நெறிமுறைகளின் வரம்புக்குள் வரவில்லை.