மூடா வயல்வெளி: ஒரே நிலத்தில் இரண்டு போகம் விளைவது எப்படி?

அலோர்ஸ்டார் பக்கம் போய்வந்தவர்களுக்குச் சாலையின் இருபுறமும் விரியும் நெல்வயல்கள் புதிதல்ல. கெடாவின் கடலோரச் சமவெளியிலும் பெர்லிஸின் தென்பகுதியிலும் பரவியிருக்கும் இதுவே மூடா பாசனப் பகுதி. ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டர் வயல் இங்கு உண்டு. நாட்டின் மிகப் பெரிய நெற்களஞ்சியமும் இதுதான்.

முன்பு இங்கு மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான் விளைந்தது. 1960களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுதவியுடன் மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டன. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் இரண்டையும் இணைக்கிறது. 1970இல் இரண்டாம் போகம் தொடங்கியது. பாசனத்தைக் கவனிக்கும் 'மாடா' வாரியமும் அதே ஆண்டில் அமைந்தது. நிலம் கூடவில்லை, விளைச்சல் கூடியது.

ஆனால், அணை நீர் மட்டும் இரண்டு போகத்திற்குப் போதாது. பயிருக்கு வேண்டிய நீரில் பாதியளவை மழைதான் தருகிறது. 1978இல் வறட்சியால் அணை நீர் வற்றியபோது ஒரு போகம் முழுவதுமே கைவிடப்பட்டது. அதனால் வடிகாலில் ஓடும் நீரையும் பம்பு வைத்து மீண்டும் வாய்க்காலுக்கு ஏற்றுகிறார்கள்.

அடுத்த சிக்கல் ஆள் பற்றாக்குறை. இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்குப் போகவே, 1980களில் நாற்று நடுவது குறைந்து நேரடி விதைப்பு பரவியது. கூலி மிச்சமானது, களை பெருகியது. குறிப்பாக 'பாடி ஆங்கின்' எனப்படும் காற்று நெல், பயிரைப் போலவே வளர்ந்து, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும். உதிர்ந்த மணி அடுத்த போகத்தில் முளைக்கும். 2010இல் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகம் வந்தது. ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்த வயல்களில், காற்று நெல்லும் நாளடைவில் அதைத் தாங்கத் தொடங்கியது.

மருந்தைத் தவிர இன்னொரு வழி வயலைச் சமப்படுத்துவது. மேடு பள்ளமான வயலில் பள்ளத்தில் விதை அழுகும். மேட்டில் களை முளைக்கும். லேசர் கருவியின் உதவியுடன் மண்ணைச் சமன் செய்தால் குறைந்த நீரே வயல் முழுவதும் சீராக நிற்கும்.

இன்னொன்று, அண்டை வயல்காரர்கள் ஒரே சமயத்தில் விதைப்பது. இங்குள்ள விவசாயிகளில் பெரும்பாலோரிடம் இருப்பது சில ஏக்கர்தான். குத்தகைக்குப் பயிரிடுவோரும் உண்டு. ஒருவர் தாமதித்தால் வாய்க்காலில் நீரை நிறுத்த முடியாது. அறுவடை இயந்திரம் காத்திருக்கும். அறுத்த வயலிலிருந்து எலியும் பூச்சியும் அவருடைய பயிருக்குப் படையெடுக்கும். சிறு வயல்களை ஒன்றுசேர்த்து நிர்வகிக்கும் திட்டங்கள் இதற்காகவே வந்தன.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதைப் பார்த்தவர்கள் நம் மக்கள். வயலுக்கும் அதே நிலை வரலாம். வாய்க்காலும் வரப்பும் போட்டுப் பல ஆண்டுகள் பண்படுத்திய வயலை ஒருமுறை மண் கொட்டி மேடாக்கிவிட்டால் மீட்பது கடினம். நமக்கு வேண்டிய அரிசியில் ஒரு பகுதி இன்னமும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே, இருக்கும் வயலைக் காப்பதும் அதில் கூடுதலாக விளைவிப்பதும் விவசாயியின் கவலை மட்டுமல்ல. கடையில் அரிசி வாங்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அதில் பங்கு உண்டு.